இங்கிலாந்தில் படிக்கப் போகும் சேலத்துப் பிள்ளைகளுக்கு: கோட்டையும் கடலும் சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டி

சேலத்துக்குக் கடல் கிடையாது. நமக்குத் தண்ணீர் என்றால் மேட்டூர் அணை, மூக்கனேரி, ஏற்காட்டு ஏரி. காலையில் நின்ற இடத்தில்தான் மாலையிலும் தண்ணீர் நிற்கும். இந்தப் பழக்கத்தோடு 2023 செப்டம்பரில், இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள நியூகாசலுக்கு முதுகலை படிக்கப் போனேன். 2025 ஜனவரியில் திரும்பி வருவதற்குள் கோட்டை, பழைய கிறிஸ்தவ மடம், பாறைக் கரை என்று பார்த்தது நிறைய. தவறிப்போய்ப் பணம் கட்டியதும் நிறைய.

போன ஜூலையிலிருந்து, அங்கே படிக்கப் போகும் தம்பி தங்கைகள் அழகாபுரம் வீட்டுக்கு வருகிறார்கள். விசா, கல்விக் கடன், தங்குமிடம் எல்லாம் கேட்கிறார்கள். ஊர் சுற்றுவது பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அங்கே போய் மூன்று மாதம் கழித்து நடுராத்திரியில் வாட்ஸ்அப் வருகிறது: "அக்கா, ரயில விட்டுட்டோம், இந்த டிக்கெட்லயே அடுத்த ரயில்ல ஏறலாமா?" ஏறக்கூடாது. அது ஏன் என்பது மூன்றாவது படியில் இருக்கிறது.

அங்கே என் பணம் அதிகம் கரைந்தது நேரம் தவறிய இடங்களில்தான். அதனால் விலையைவிட நேரத்தைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதுகிறேன்.

1. சேலத்தை விட்டுக் கிளம்பும் முன்: பாஸ்போர்ட்டில் பெயர்

நம் ஊரில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். நம் பெயரும் அப்பா பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்து கிடக்கும். இங்கே இருக்கும்வரை தொல்லை இல்லை. அங்கே போனதும் விமான டிக்கெட் வாங்கும் தளம் கடைசிப் பெயர் கொடுக்காமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. ஒருவர் இன்ஷியல் போடுவார், ஒருவர் அதே பெயரை இரண்டு முறை போடுவார், ஒருவர் அப்பா பெயரைப் போடுவார். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் ஒத்துப்போகாமல் நிற்பீர்கள்.

இன்னும் விசாவுக்கு விண்ணப்பிக்கவில்லை என்றால், இப்போதே பெயரைப் பிரித்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். சேலத்திலேயே அஞ்சலகத்தில் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய். ஊர் சுற்றும் எண்ணம் இருந்தால் 60 பக்கமே வாங்குங்கள்.

விசா வந்துவிட்டது என்றால் பெயரில் கை வைக்க வேண்டாம். பெயர் ஒன்றே உள்ளவர்கள் எப்படி நிரப்ப வேண்டும் என்று அந்தந்த விமான நிறுவனத்துக்குத் தனி விதி உண்டு. பணம் கட்டுவதற்கு முன் அதைப் படியுங்கள்.

பிரிட்டனில் இப்போது தங்கும் உரிமைக்கு அட்டை கிடையாது, இணையக் கணக்கில் இருக்கும் இ-விசாதான். கணக்கைத் திறந்து அதில் உள்ள பாஸ்போர்ட் எண்ணும் கையில் உள்ள பாஸ்போர்ட் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். இடையில் பாஸ்போர்ட் மாறினால் அந்தக் கணக்கிலும் நீங்கள்தான் மாற்ற வேண்டும், தானாக மாறாது.

2. பல்கலைக்கழக நாட்காட்டியை முதலில் அச்செடுங்கள்

கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோடை என்று மூன்று விடுமுறை இருக்கும் என நினைத்துத் திட்டம் போடுவோம். இளங்கலைப் பிள்ளைகளுக்கு அது சரி. ஓராண்டு முதுகலைக்குப் போகிறவர்களுக்குக் கோடை என்பது ஆய்வேடு எழுதும் காலம். அது படிப்புக் காலமாகத்தான் கணக்கில் வரும். வேலைக்கு உள்ள வாரம் 20 மணி நேர வரம்பும் அப்போது அப்படியே இருக்கும். ஜூலையில் இரண்டு வாரம் வெளிநாடு போக வேண்டுமானால் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நம் வருகையைக் கண்காணித்து அரசுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது. "பேராசிரியர் சரின்னு சொன்னார்" என்பது போதாது, மின்னஞ்சல் கையில் வேண்டும்.

கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் ஒரு கண்ணி உண்டு. டிசம்பர் 25 அன்று ரயில் ஓடாது. 26 அன்றும் பெரும்பாலான தடங்கள் கிடையாது. தீபாவளிக்குச் சிறப்புப் பேருந்து விடும் ஊரிலிருந்து போகும் நமக்கு இது தலைகீழாகத் தெரியும். 24 மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள், 27 வரைக்கும் சாப்பாட்டுப் பொருளும் வாங்கி வையுங்கள்.

3. ரயில்கார்டும் டிக்கெட்டும்

போன முதல் வாரமே 16-25 ரயில்கார்டு வாங்குங்கள். நான் வாங்கியபோது ஆண்டுக்கு 30 பவுண்டு, இப்போது 35. ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். லண்டனுக்கு ஒருமுறை போய்வந்தாலே போட்ட காசில் பெரும்பகுதி திரும்பிவிடும். 26 வயதைத் தாண்டியவர்கள் தமக்குக் கிடையாது என்று விட்டுவிடுகிறார்கள். முழுநேர மாணவர் என்று பல்கலைக்கழகம் உறுதி செய்தால் உங்களுக்கும் உண்டு.

டிக்கெட்டில் மூன்று வகை. எந்த நேரமும் ஏறலாம் என்பது விலை அதிகம். கூட்ட நேரம் தவிர்த்து ஏறலாம் என்பது நடுத்தரம். அட்வான்ஸ் என்பது மலிவு, ஆனால் அதில் எழுதியுள்ள அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். சுமார் 12 வாரம் முன்னாலேயே விற்பனைக்கு வரும். உங்கள் தவறால் அந்த ரயிலை விட்டால் டிக்கெட் போனது போனதுதான், பணமும் திரும்பாது. தெரியாமல் அடுத்த ரயிலில் ஏறி மாட்டினால், அபராதக் கட்டணம் 100 பவுண்டு, அதோடு பயணக் கட்டணமும் விழலாம். 21 நாளுக்குள் கட்டினால் அபராதம் 50 ஆகும். பவுண்டு நூற்றுப் பத்து ரூபாய்க்கு மேல் போகும் காலத்தில் இது வீட்டுக்கு எவ்வளவு பாரம் என்று சொல்லத் தேவையில்லை.

என் பழக்கம் இது: போகும்போது அட்வான்ஸ், வரும்போது கூட்ட நேரம் தவிர்த்த டிக்கெட். காலையில் நாம் கிளம்பும் நேரம் நம் கையில் இருக்கிறது. மாலையில் மழை, கூட்டம், வழி தவறுதல் எல்லாம் வரும். இரண்டு மூன்று பவுண்டு கூடினாலும் மனம் நிம்மதி.

வார நாள்களில் காலை 10 மணிக்கு முன் ரயில்கார்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று உண்டு. குறுகிய தூரத்துக்குத் தள்ளுபடியே இல்லாமல் போகலாம். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் இது இல்லை.

ரயில் தாமதமானால் பணம் திரும்பக் கேட்கலாம். நிறுவனத்தைப் பொறுத்து 15 நிமிடமோ 30 நிமிடமோ தாமதம் ஆனாலே உரிமை உண்டு. 28 நாளுக்குள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நம் பிள்ளைகள் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், அது உங்கள் பணம்.

ரயில்கார்டைப் பெரும்பாலும் போனில்தான் வைத்திருப்போம். போன் அணைந்துவிட்டால் கார்டு இல்லாதவராகத்தான் நடத்துவார்கள். பவர் பேங்க் இல்லாமல் படி இறங்காதீர்கள்.

4. முதல் மாதம்: பக்கத்திலேயே பாருங்கள்

பை நிறையத் துணி எடுத்துக்கொண்டு எடின்பரோவுக்கு ஓட வேண்டாம். எந்த ஊரில் படித்தாலும் ஒரு நாளில் போய்வரும் இடம் இருக்கும். நியூகாசலில் இருந்தால் மெட்ரோவிலேயே டைன்மவுத் போகலாம். கடலை ஒட்டிய மேட்டில் மடமும் கோட்டையும் இடிபாடுகளாக நிற்கின்றன. டர்ஹாம் ரயிலில் கால் மணி நேரத்துக்குள். அங்கே பேராலயத்துக்குள் போகக் கட்டாயக் கட்டணம் இல்லை, விரும்பியதை உண்டியலில் போடலாம். எதிரே உள்ள கோட்டை மாணவர் விடுதியாகவும் இருப்பதால் வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு செய்யுங்கள்.

பேருந்தை யாரும் மதிப்பதில்லை. இங்கிலாந்தில் பெரும்பாலான உள்ளூர்ப் பேருந்துகளில் ஒரு வழிக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். நான் இருந்தபோது 2 பவுண்டு, 2025 ஜனவரியிலிருந்து 3. எக்ஸ்18 என்ற பேருந்து நியூகாசலிலிருந்து ஆன்விக், சீஹவுசஸ், பாம்பரோ என்று கடற்கரைப் பக்கமாக பெரிக் வரை போகும். மெதுவாகத்தான் போகும். மாடியில் முன் இருக்கை கிடைத்தால் அதுவே ஒரு சுற்றுலா. கடைசிப் பேருந்து நேரத்தை மட்டும் போகும்போதே நிறுத்தத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் புது பஸ் ஸ்டாண்டு மாதிரி விடிய விடிய வண்டி இருக்காது.

5. கோட்டை வாசலில் ஏமாறாமல் இருக்க

பாதிக் கோட்டைகள் குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும். ஆன்விக் கோட்டை வசந்தத்தில் திறந்து அக்டோபரோடு மூடிவிடும். நவம்பரில் முதல் சம்பளம் கையில் வாங்கிக்கொண்டு போன என் வகுப்புத் தோழிகள் மதில் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். திறந்திருந்தாலும் கடைசி நுழைவு நேரம் என்று ஒன்று உண்டு. மூடும் நேரத்துக்கு முன்பே வாசலை அடைத்துவிடுவார்கள்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். இங்கே எந்த மாதமும் ஆறு, ஆறே முக்காலுக்குள் பொழுது சாயும். அங்கே வடக்கே டிசம்பரில் 3:40க்கே இருட்டும், ஜூனில் இரவு 9:45 வரை வெளிச்சம் இருக்கும். டன்ஸ்டன்பரோ கோட்டைக்குச் சாலையே இல்லை. கிராஸ்டர் கிராமத்திலிருந்து கடல் ஓரமாகப் புல்வெளியில் சுமார் 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். டிசம்பரில் அங்கே இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் திரும்பும் வழி இருட்டிவிடும்.

உறுப்பினர் அட்டை வாங்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பில் மாணவர்களுக்குக் குறைந்த கட்டண உறுப்பினர் திட்டம் உண்டு. டைன்மவுத், விட்பி, லிண்டிஸ்ஃபார்ன் மடங்கள், டன்ஸ்டன்பரோ, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரில் ஹவுஸ்டெட்ஸ் கோட்டை, தெற்கே டோவர் கோட்டை, ஸ்டோன்ஹெஞ்ச் என்று ஆண்டில் நான்கைந்து இடம் போவீர்கள் என்றால் வாங்குங்கள். அந்த அட்டையைக் காட்டினால் ஸ்காட்லாந்து அரசுப் பராமரிப்பில் உள்ள எடின்பரோ கோட்டைக்கும் முதல் ஆண்டில் பாதிக் கட்டணம்தான். ஆனால் பழைய மாளிகைகளையும் நிலங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் வேறு அமைப்பு, அதற்கு அட்டையும் வேறு. பாம்பரோவும் ஆன்விக்கும் தனியார் கோட்டைகள், இந்த இரண்டு அட்டையும் அங்கே செல்லாது. அட்டை இல்லாவிட்டால் இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள், வாசலில் வாங்குவதைவிடக் குறையும்.

6. கடல்: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

2024 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் ஆத்தூர்த் தோழி ஒருத்தியும் நாமக்கல் தம்பி ஒருவனும் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போனோம். கரையிலிருந்து தீவுக்கு ஒரு தார்ச்சாலை இருக்கிறது. கடல் ஏறும்போது அந்தச் சாலை மூழ்கும், வற்றும்போது வெளியே வரும். தினமும் இரண்டு முறை இப்படி. பாதுகாப்பாகக் கடக்கும் நேரத்தை நார்தம்பர்லாந்து கவுண்டி கவுன்சில் முன்கூட்டியே வெளியிடுகிறது.

எங்களிடமும் நேரம் இருந்தது. அதற்கு முந்தின ஞாயிறு போய்வந்த தோழர் ஒருவர் அனுப்பிய படம். மதியம் முதல் மாலை வரை சாலை திறந்திருக்கும் என்று இருந்தது. பெரிக்கில் ரயில் இறங்கி, டாக்சி பிடித்து, 11:45க்குத் தீவில் இறங்கினோம். மடத்தைப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்குச் சாலை முனைக்கு வந்தால், சாலையின் நடுவே உள்ள வெள்ளைக் கோடு நேராகப் போய்த் தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தது. அலை இல்லை. சத்தம் இல்லை. என் செருப்புக்கு இரண்டடி தள்ளி ஒரு கூழாங்கல் கிடந்தது. டாக்சிக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன், கல் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

ஏன் தவறியது என்று பிறகுதான் புரிந்தது. கடல் ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏழு நாளில் ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான் என்பதால், போன ஞாயிறு வற்றியிருந்த அதே நேரத்தில் இந்த ஞாயிறு கடல் ஏறி நிற்கும். ஒரு வாரப் பழைய படம் சற்றே பிசகும் என்று நினைத்தோம். அது நேர் எதிராகவே இருந்தது.

ஆறரை மணி வரை காத்திருந்தோம். மூன்று அட்வான்ஸ் டிக்கெட்டும் வீண். புது டிக்கெட், டாக்சி என்று மூன்று பேருக்கும் சேர்த்து 60 பவுண்டுக்கு மேல் போனது. நடந்தே கடந்துவிடலாம், முழங்கால்தானே என்று தம்பி சொன்னான். நல்லவேளை யாரும் இறங்கவில்லை. சாலை நடுவே தூண்களின் மேல் ஏணியோடு ஒரு வெள்ளைக் குடிசை நிற்கிறது. அப்படி நம்பிப் பாதியில் மாட்டியவர்கள் ஏறி உயிர் பிழைக்கத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

அதனால், செய்ய வேண்டியது இது. போகும் தேதிக்கு உரிய நேரத்தை, போகும் நாள் காலையில், கவுன்சில் தளத்தில் நீங்களே பாருங்கள். பெரிக்கிலிருந்து தீவுக்குப் போகும் பேருந்தின் நேரமும் கடலைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். திரும்பும் நேரத்தைச் சாலை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வையுங்கள். வேறு எந்தக் கடற்கரைக்குப் போனாலும் அந்த ஊரின் ஏற்ற நேரத்தைத் தேடிப் பாருங்கள். பாறைக்கும் கடலுக்கும் நடுவே மணலில் நடக்கும்போது பின்னால் வழி அடைபடும்.

குளிப்பது பற்றி. வடகிழக்குக் கடலில் ஆகஸ்டிலும் தண்ணீர் சுமார் 14, 15 டிகிரிதான். ஏற்காட்டு மார்கழிக் குளிர் பழகியவர்கள் என்ற தைரியம் அங்கே உதவாது. திடீரென்று இறங்கினால் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. நீச்சல் தெரிந்தாலும் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி அலைச்சறுக்குப் பலகைக்காரர்களுக்கு, நமக்கு இல்லை. ஆபத்து என்றால் 999 அழைத்து "கோஸ்ட்கார்ட்" என்று கேளுங்கள்.

தெற்கே செவன் சிஸ்டர்ஸ் பக்கம் போகிறவர்கள் வெள்ளைப் பாறை விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள். அது சுண்ணாம்புப் பாறை. முன்னறிவிப்பு இல்லாமல் சரியும். கிளியூர் அருவிப் பாறையில் மழைக்காலத்தில் கால் வைக்காதே என்று வீட்டில் சொல்வார்களே, அதே மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

7. ஜயண்ட்ஸ் காஸ்வேக்கு டப்ளின் வழியாகப் போகாதீர்கள்

அறுகோணக் கற்தூண்கள் கடலில் இறங்கும் ஜயண்ட்ஸ் காஸ்வே வட அயர்லாந்தில் இருக்கிறது. அது பிரிட்டனின் பகுதி, உங்கள் மாணவர் விசா போதும். டப்ளின் இருப்பது அயர்லாந்து என்ற வேறு நாட்டில். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அயர்லாந்து விசா தனியாக வேண்டும். டப்ளின் விமானம் மலிவாக இருக்கிறது, அங்கிருந்து பேருந்தில் பெல்ஃபாஸ்ட் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தரை எல்லையில் சோதனைச் சாவடி இல்லாததால் சட்டமும் இல்லை என்று எண்ண வேண்டாம். நேராக வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்கே விமானத்தில் போங்கள், உள்நாட்டு விமானம் என்றாலும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கற்களை நடந்து போய்ப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. பார்வையாளர் மையத்துக்குத்தான் கட்டணம்.

8. ஐரோப்பா: ஷெங்கன் விசா

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாம், அதுதான் ஷெங்கன் விசா. ஈஸ்டருக்குப் போக வேண்டுமானால் ஜனவரியிலேயே வேலையை ஆரம்பியுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரை இழுக்கலாம். இதையெல்லாம்விடக் கடினம், விசா விண்ணப்ப மையத்தில் நேரில் போக நாள் கிடைப்பது. மார்ச்சில் தேடினால் கிடைக்காது.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? அதிக நாள் தங்கும் நாட்டுக்கு. எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் இறங்கும் நாட்டுக்கு. நாள் எளிதாகக் கிடைக்கும் நாட்டில் விசா வாங்கி வேறு நாட்டில் நாட்களைக் கழிப்பது பிறகு தொல்லை தரும்.

கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம். மறுத்தால் திரும்பாது.

ஆவணங்களில் பாஸ்போர்ட் முக்கியம்: பத்து ஆண்டுக்குள் வாங்கியது, திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடி, இரண்டு வெற்றுப் பக்கம். இ-விசாவின் ஆதாரத்தை அச்செடுத்து வையுங்கள். பிரிட்டன் விசாவும் திரும்பிய பின் மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பார்கள், முதுகலைக்காரர்கள் இதனால்தான் கடைசியில் மாட்டுகிறார்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. விசாவோடு நீங்கள் ஆண்டுக்கு 776 பவுண்டு கட்டும் சுகாதாரக் கட்டணம் இதற்கு உதவாது, அது பிரிட்டனுக்குள் மட்டும்.

வங்கி அறிக்கை மூன்று மாதத்துக்கு. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் அப்பா ஒரே தொகையாக இரண்டு லட்சம் போட்டால் கேள்வி வரும். மூன்று மாதம் முன்பே சிறிது சிறிதாக இருப்பு இருக்கட்டும். பல்கலைக்கழகக் கடிதம் புதியதாக இருக்க வேண்டும். என் கடிதத்தில் படிப்பு முடியும் தேதி விடுபட்டிருந்தது, கவுண்டரில் திருப்பிவிட்டார்கள். மறுபடி நாள் கிடைக்க மூன்று வாரம் ஆனது. பணம் திரும்பக் கிடைக்கும் அறையையும் விமானத்தையும் மட்டும் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று. இந்தியர்களுக்கு இரண்டாண்டுப் பல்முறை விசா எளிதாகிவிட்டது என்ற செய்தியைப் படித்துவிட்டு வீட்டில் சொல்வார்கள். அது இந்தியாவில் வசித்து இங்கிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கான ஏற்பாடு. பிரிட்டனிலிருந்து விண்ணப்பிக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லையில் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அம்மா கொடுத்தனுப்பிய பால்கோவாவை ஐரோப்பாவுக்கு எடுத்துப் போகாதீர்கள், பால் பண்டம் அனுமதி இல்லை. தட்டுவடை தாராளமாகப் போகலாம்.

9. வீட்டுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்

லிண்டிஸ்ஃபார்னில் என் போன் அணைந்துவிட்டது. மாலை ஏழு மணிக்குத் தோழியின் போனிலிருந்து அழைத்தபோது சேலத்தில் இரவு 11:30. அப்பா செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்து அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கோடையில் அவர்கள் நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. போகும் ரயில், கடைசிப் பேருந்து, சாலை மூடும் நேரம், கூட வருகிறவரின் எண் நான்கையும் வாசலைத் தாண்டும் முன் வீட்டுக் குழுவில் போட்டுவிடுங்கள்.